பனங்கள்ளு பிடித்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வெளியே என்ன செய்கிறீர்கள்?

வல்லைவெளி (வெள்ளவத்தை)

கொழும்பு வெள்ளவத்தையில் கையில் காசிருந்தால் வெளிநாட்டுப் பியர் எத்தனையோ வாங்கலாம். எங்கள் ஊர்ப் பனங்கள்ளு மட்டும் கிடைக்காது. ஒரே நாடு, ஒரே தண்டவாளம், இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மாசி, பங்குனி, சித்திரை என்று அங்கே முட்டி முட்டியாக இறக்குகிறார்கள். இங்கே ஒரு போத்தலுக்கு வழியில்லை.

நான் பியருக்கு எதிரி அல்ல. நுவரெலியாவில் தோட்டத்துரைமார் காலத்தில் தொடங்கிய மதுவாலையின் வழியில் வந்த லயன் ஸ்டவுட்டை மழை நாட்களில் விரும்பிக் குடிப்பவன். கறுப்பாக, கனமாக, 8.8 வீத மதுசாரத்துடன் அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் பனங்கள்ளு தருவதை அதனால் தர முடியாது. காலையில் இறக்கிய கள்ளைப் பன்னாடையில் வடித்து, பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றினால் முதலில் எழுவது பாளையின், அதாவது பனம்பூங்குலையின், வாசம். நாக்கில் இனிப்பு முந்தும், அதை விரட்டிக்கொண்டு புளிப்பு வரும். பால் கலக்கிய தண்ணீர் போன்ற நிறம், ஓரமெல்லாம் பொடி நுரை. அதே மரத்துக் கள்ளைப் பின்னேரம் குடியுங்கள்: இனிப்பு ஒதுங்கியிருக்கும், புளிப்பு ஏறியிருக்கும், தலைக்கும் சற்று எட்டும். மூடியைத் திறந்தால் என்றைக்கும் ஒரே சுவையில் இருப்பதுதான் பியருக்குப் பெருமை. கள்ளுக்கு அந்தப் பெருமை தேவையில்லை.

தென்னங்கள்ளு இங்கே தேடினால் கிடைக்கும். வாதுவை, களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதில் நடந்து இறக்குகிறார்கள். அதில் பெரும்பங்கு சாராயம் வடிக்கப் போய்விடுகிறது. மலைநாட்டில் கித்துள் கள்ளு இருக்கிறது. இரண்டும் நல்லவை. இரண்டும் பனை அல்ல.

வெளியில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். கொண்டுவரப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? போத்தலில் அடைத்து வருவது எப்படி? ஊரில் இருப்பவர்களிடமும் ஒன்று: பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் கொழும்பில் ஒரு தவறணை, ஒரு கள்ளுக்கடை, திறக்கக்கூடாது?

சித்தங்கேணிச் சந்தி (யாழ்ப்பாணம்)

அண்ணா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். திறக்கலாம். ஊற்றுவதற்குக் கள்ளு எங்கே இருக்கிறது?

எங்கள் பக்கத்துத் தவறணையில் நல்ல கள்ளு மதியத்துக்குள் முடிந்துவிடும். சனி, ஞாயிறு என்றால் அதற்கும் முன்னே. பருவம் முடிந்ததும் பனை ஓய்ந்துவிடும், பிறகு தென்னங்கள்ளுதான் ஓடும். ஊருக்கே போதாத ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பினால் இங்கே காலையில் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்? அவருக்குப் பியர் வாங்கக் கட்டுப்படியாகாது. கள்ளுத்தான் கட்டுப்படியாகும்.

சட்டமும் இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நம் மரங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சீவுவதற்கும் அனுமதி வேண்டும், விற்பதற்கும் வேண்டும். 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததால்தான் தவறணைகள் குத்தகை முதலாளிகளிடமிருந்து சீவல் தொழிலாளிகளின் கைக்கு மாறின. அதை நான் பெரிய விடயமாகவே நினைக்கிறேன்.

வல்லைவெளி (வெள்ளவத்தை)

தம்பி, வரிசையில் நிற்பவரின் பங்கைப் பறித்து எனக்கு வேண்டாம். ஆனால் சீவாமல் நிற்கும் பனைகள் எத்தனை? வல்லைவெளியைத் தாண்டும்போதெல்லாம் பார்க்கிறேன். மரம் குறைவில்லை.

சித்தங்கேணிச் சந்தி (யாழ்ப்பாணம்)

மரம் இருக்கிறது. ஏறுவதற்கு ஆள் இல்லை.

தூத்துக்குடிக் கரை (தமிழ்நாடு)

இலங்கை நண்பர்களின் பேச்சுக்குள் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓர் இரவு பயணம் செய்தால் தவறணைக்குப் போய்விடலாம். எங்களுக்குப் பனை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. மாநில மரம் என்ற பட்டமும் அதற்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. முட்டியில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கலாம், தடவாமல் இறக்கினால் வழக்கு. அதே ஊரில் அரசே நடத்தும் கடையில் பிராந்தியும் பியரும் விற்பனையாகின்றன. எங்கள் பனையேறிகள் ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் கூட்டுறவுத் தவறணை இருக்கிறது என்பதையே நான் பொறாமையோடு வாசிக்கிறேன்.

அளவெட்டித் தங்கை (ரொறன்ரோ)

நான் கள்ளுக் குடிப்பவள் அல்ல. ஆனாலும் இந்த இழையில் எனக்கும் பங்கு உண்டு, அப்பத்துக்காக.

எங்கள் அம்மா அப்பமாவுக்குக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பார். முதல் நாள் பின்னேரம் அரைத்த மாவில் கள்ளை விட்டு மூடி வைத்தால் விடியும்போது சட்டி நிறையப் பொங்கியிருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்துச் சுட்டால் கரை மொறுமொறுப்பாக, நடு பஞ்சாக, வாயில் வைத்ததும் மெல்லிய இனிப்புப் புளிப்பு. அந்த மணத்தை இங்கே எதனாலும் கொண்டுவர முடியவில்லை. ஈஸ்ட் போட்டால் பாண் மணக்கிறது. அப்பச்சோடா போட்டால் பொங்குகிறது, புளிப்பு இல்லை. பியர் விட்டால் கசப்புத் தங்கிவிடுகிறது. தகரத்தில் அடைத்த தென்னங்கள்ளு தமிழ்க் கடையில் கிடைத்தது. அதை விட்டால் மணம் கொஞ்சம் வருகிறது, ஆனால் மா அசையவே இல்லை. காலையிலும் இரவு வைத்தபடியே கிடந்தது. ஏன் என்று யாராவது சொல்வீர்களா?

ஆய்வுகூடம் (கொக்குவில்)

தங்கை, உங்கள் கேள்விக்கும் வல்லைவெளியாரின் கேள்விக்கும் விடை ஒன்றேதான்.

பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறத்தாழ 12 வீதம் சர்க்கரை கொண்ட இனிப்பு நீர். அது முட்டிக்குள் விழுந்த கணத்திலிருந்தே நொதிக்கத் தொடங்குகிறது. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் இருக்கும் ஈஸ்டும் பற்றீரியாக்களும் அந்த வேலையைச் செய்கின்றன. பியர் காய்ச்சுபவர் மாவூறலைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தான் தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்டை இடுவார். கள்ளில் அப்படித் தேர்வு எதுவும் கிடையாது. ஈஸ்ட் மதுசாரத்தையும் நுரையையும் தரும்போதே லக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. சில மணித்தியாலங்களில் 4 முதல் 6 வீத மதுசாரம் வந்துவிடும், சாதாரண பியரின் அளவு. ஒரு நாள் கடந்தால் அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் மேலோங்கி, அதை விநாகிரியாக்கத் தொடங்கும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் காரத்தன்மை ஏறுவதால் இவை எதுவும் வளர முடியாது. அதனால்தான் கருப்பநீர், அதாவது பதநீர், இனிப்பாகவே இருக்கிறது, பனங்கட்டியும் காய்ச்ச முடிகிறது.

ஆகவே கள்ளை ஊர் தாண்டி அனுப்ப இரண்டே வழி. ஒன்று, சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்று அடைப்பது. அப்போது அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். காலைக் கள்ளு பின்னேரக் கள்ளாக மாறுகின்ற அந்த ஓட்டம் இருக்காது, உயிருள்ள நுரையும் போய்விடும். உங்கள் தகரக் கள்ளு மாவைப் பொங்க வைக்காததற்கும் அதுவே காரணம். இரண்டாவது வழி, இறக்கியவுடன் குளிரூட்டி, குளிர் குறையாமலே கொண்டுபோவது. அதற்குச் செலவு அதிகம். குளிர் நொதித்தலை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும், இறுக்காவிட்டால் வழியெல்லாம் சிந்தும்.

அப்பத்துக்கு: தகரக் கள்ளோடு ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேருங்கள். பொங்கும் வேலையை ஈஸ்ட் பார்க்கும், மணத்தைக் கள்ளு தரும். ஊர் அப்பத்துக்குக் கிட்ட வரும்.

மிச்சிகன் ஏரிக்கரை (சிக்காகோ)

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிருந்து வடக்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடினால் விஸ்கொன்சின் மாநில எல்லை. அங்கே நியூ கிளாரஸ் என்ற சிற்றூரில் 1993இல் தொடங்கிய ஒரு மதுவாலை, ஸ்பொட்டட் கவ் என்ற பியரைக் காய்ச்சுகிறது. வடிகட்டாத, சற்று மங்கலான, மெல்லிய இனிப்புள்ள பியர். விஸ்கொன்சினுக்கு வெளியே அதை விற்பதே இல்லை. ஒரு காலத்தில் சிக்காகோவுக்கும் அனுப்பினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். தங்கள் மாநிலத்துக்குக் காய்ச்சவே நேரம் போதவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. அதனால் இங்குள்ளவர்கள் எல்லை தாண்டிப் போய்க் காரின் பின்பகுதியை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் அதைக் கொண்டுவந்து விற்ற மதுச்சாலைக்காரர்கள் மீது வழக்கே நடந்தது.

அதற்கு முன்னோடி கொலராடோவின் கூர்ஸ். சூடாக்கிப் பதப்படுத்தாத பியர் என்பதால் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், அதனால் நெடுங்காலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் விற்றார்கள். 1970களில் கிழக்கே அதற்கு அப்படியொரு மோகம். 1980களில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிக் கிழக்கேயும் வந்தது. வந்தபின் அதைத் தேடி யாரும் அலையவில்லை. இப்போது எந்தக் கடையிலும் கிடக்கிறது.

எனக்கு இரண்டு வழியும் தெரியும். எல்லை தாண்டிப் போய் வாங்குகின்ற வழியையே மதிக்கிறேன். எல்லா ஊரிலும் எல்லாம் கிடைத்தால், ஊருக்கு ஏன் போவது?

வல்லைவெளி (வெள்ளவத்தை)

உங்கள் பியர் எல்லை தாண்டி வந்தும் அதே பியராக இருக்கிறது, அண்ணா. எங்கள் கள்ளு வவுனியா தாண்டும்போதே வேறு பொருளாகிவிடுகிறது. அதுதான் என் துயரம்.

மன்னார்த் தீவு (மன்னார்)

யாழ்ப்பாணத்தார் பனை என்றால் தங்களுக்கு மட்டுமே சொந்தம்போல எழுதுகிறீர்கள். மன்னாரிலும் பனை உண்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பிலும் உண்டு. எங்கள் கரையில் கள்ளும் நண்டுக்கறியும் சேர்கின்ற சேர்க்கையை ஒரு முறை வந்து பாருங்கள்.

தளைநார் (வடமராட்சி)

எல்லாவற்றையும் வாசித்தேன். கள்ளின் சுவையை நன்றாகவே எழுதுகிறீர்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை என்று ஒருவர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். அந்த வரிக்குள் இருப்பதை நான் எழுதுகிறேன். என் அப்பா சீவல் தொழிலாளி.

விடியுமுன் எழும்புவார். இடுப்பில் கத்திக்கூடு, காலில் பிடிமானத்துக்குத் தளைநார், தோளில் முட்டி. அடியில் ஏணி வைத்து ஏறி, மேலே மரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார். வளர்ந்த பனை ஆறு ஏழு மாடி உயரம் நிற்கும். உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாளையை மெல்லியதாகச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை வீண், சீவாமல் விட்டால் சாறு அடைத்துவிடும். அதற்கு முன்பே நாட்கணக்கில் பாளையைத் தட்டிப் பதப்படுத்தியிருக்க வேண்டும். காலையில் ஏறிய அத்தனை மரத்திலும் பின்னேரம் திரும்ப ஏற வேண்டும். பருவம் முழுவதும் ஒரு நாள் ஓய்வில்லை. காய்ச்சல் என்றாலும் ஏற வேண்டும், கலியாண வீடு என்றாலும் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும். மழை பெய்தால் மரம் வழுக்கும். எங்கள் ஊரில் மரத்தால் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் பனையை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கள்ளைப் பிளா நிறைய வாங்கிக் குடித்த அதே ஊர், அதை இறக்கியவரைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார விடவில்லை. கோயில் வாசலில் நிறுத்தியது, தேநீர்க் கடையில் வேறு பேணி கொடுத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் விடச் சொல்லிப் போராடியவர்களை வீதியில் அடித்தார்கள். சாதிப் பெயராலேயே தொழிலை அடையாளம் வைத்து இழிவுசெய்துவிட்டு, இன்று அந்தத் தொழிலுக்கு ஆள் வரவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். எங்களைப் படிக்க வைத்து மரத்திலிருந்து இறக்கியது எங்கள் அப்பாமார். அது அவர்கள் பெற்ற வெற்றி. நான் ஏற மாட்டேன், என் மகனையும் ஏற விட மாட்டேன்.

போரும் சேர்ந்தது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளை யார் எண்ணினார்கள்? பனை விதைத்த அடுத்த ஆண்டு பாளை விடும் மரம் அல்ல. பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் ஆணா பெண்ணா என்றே தெரியும். வடலி என்ற இளம் பனையைக்கூட விட்டுவைக்காத காலம் அது.

நல்ல கள்ளு வேண்டும் என்றால் ஏறுபவருக்குக் காப்புறுதி, விழுந்தால் குடும்பத்துக்கு வருமானம், முதுமைக்கு ஓய்வூதியம், ஒரு போத்தலுக்கு மானமுள்ள விலை. இவற்றைக் கேளுங்கள். கொழும்பில் தவறணை பிறகு வரட்டும்.

சித்தங்கேணிச் சந்தி (யாழ்ப்பாணம்)

தளைநார் அண்ணா எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏறும் கருவிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். மரத்தைப் பற்றி ஏறுவதற்கு அவை உதவும், உச்சியில் மட்டைகளுக்கு நடுவே நின்று பாளை சீவுவதற்கு இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது.

மானிப்பாய் ஆசிரியை (யாழ்ப்பாணம்)

பாரம்பரியம், சுவை, ஊர் மணம் என்று பேசுகிறீர்கள். என் வகுப்பில் முதல் பாடத்திலேயே தூங்கி விழும் பிள்ளைகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இரவு முழுவதும் வீட்டில் சண்டை. கள்ளு, சாராயம், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் என்ற வேறுபாடு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அப்பா குடித்துவிட்டு வந்தார் என்பது மட்டும் தெரியும்.

கள்ளு மற்றவற்றை விட மென்மையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கூடினால் என்ன நடக்கும்? கேரளத்தில் கள்ளுக்கடைகளின் தேவை மரங்களின் விளைச்சலை மிஞ்சியதும் போலிக் கள்ளு புகுந்தது. கொழும்பு, கனடா, லண்டன் எல்லாம் கேட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும். ஊருக்குள், அளவோடு, மரத்தில் வருகின்ற மட்டும் இருக்கட்டும்.

தளைநார் (வடமராட்சி)

ரீச்சர், அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நல்ல கள்ளு கிடைக்காத இடத்தில்தான் கசிப்பு நுழைகிறது.

வல்லைவெளி (வெள்ளவத்தை)

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். போத்தலில் அடைப்பதை எதிர்க்கவில்லை. வடக்கில் சங்கங்கள் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகின்ற கள்ளினால் தொழிலாளிக்குக் கூடுதல் விலை போகுமானால் அனுப்பட்டும், ரொறன்ரோவில் வாங்குபவர்கள் பேரம் பேசாமல் வாங்கட்டும். கருப்பநீரையும் பனங்கட்டியையும் பனஞ்சாராயத்தையும் நான் கொழும்பில் தொடர்ந்து வாங்குவேன், அவை பயணத்தைத் தாங்கும். ஆனால் உடன்கள்ளை நான் இருக்கும் இடத்துக்கு வரவைக்கின்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். அதைக் குடிக்க நான்தான் போக வேண்டும். போகும்போது தவறணையில் கேட்கின்ற விலைக்கு மேலே கொடுக்க முடிந்தால் கொடுப்பேன்.

சிக்காகோ அண்ணா, நீங்கள் சொன்ன வழிதான். ஆனால் காரின் பின்பகுதி எனக்கு வெறுமையாகத்தான் திரும்பும்.

மிச்சிகன் ஏரிக்கரை (சிக்காகோ)

வருகிற சித்திரையில் ஊருக்கு வருகிறேன். ஊரை விட்டபோது சிறுவன், தவறணைப் பக்கம் போனதில்லை. எப்படிப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தங்கேணிச் சந்தி (யாழ்ப்பாணம்)

நல்ல மாதம். பௌர்ணமி நாளில் வராதீர்கள், போயா என்று எல்லாம் பூட்டியிருக்கும். காலையில் கள்ளு வந்து சேர்ந்தவுடன் போங்கள், பத்து மணிக்கு முன்பு என்றால் நல்லது. வெறும் வயிற்றில் வேண்டாம். எது எந்தப் பக்கத்து மரத்துக் கள்ளு என்று ஊற்றுபவரிடம் கேளுங்கள், சொல்வார். முதல் நாள் மிஞ்சிய புளித்த கள்ளைப் புதியவர்கள் வாங்க வேண்டாம், வயிறு தாங்காது. வாகனம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தளைநார் (வடமராட்சி)

கள்ளுக் கொண்டுவந்து இறக்குகின்ற நேரத்தில் நின்றால் சீவுபவர்களையே பார்க்கலாம். பெயரைக் கேட்டுப் பேசுங்கள்.

அளவெட்டித் தங்கை (ரொறன்ரோ)

ஈஸ்டும் தகரக் கள்ளும் சேர்த்துப் பார்த்தேன். மா பொங்கியது, மணமும் இருந்தது. ஆய்வுகூடம் அண்ணாவுக்கு மிகவும் நன்றி. நானும் ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். அப்பத்துக்கு அரைப்போத்தல் வேண்டுமென்றால் பெண்கள் தவறணைக்குப் போய் வாங்கலாமா?

சித்தங்கேணிச் சந்தி (யாழ்ப்பாணம்)

பெண்களுக்குத் தவறணையில் விற்பதில் சட்டச் சிக்கல் உண்டு, அக்கா, ஊரில் உறவினர் ஒருவரை அனுப்பி வாங்குங்கள். அப்பத்துக்கு என்று சொன்னால் பின்னேரக் கள்ளைத் தருவார்கள், மாவுக்கு அதுதான் நல்லது. போத்தல் கொடுத்துவிடுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். ஆடி என்றால் பருவம் முடியப்போகிறது, வந்த முதல் கிழமையிலேயே வாங்கிவிடுங்கள்.